தூளிச் சேலை

முதுகில் பை சுமந்து நாள்கணக்கில் நடப்பவர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. எடையைக் குறைக்க வேண்டுமென்று பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட வெட்டி எறிவார்கள். அப்புறம், கொஞ்சமும் தேவையில்லாத ஒரு பொருளைத் தெரிந்தே பைக்குள் வைப்பார்கள். ஒருவர் தலையணை, ஒருவர் மடக்கு நாற்காலி, ஒருவர் புல்லாங்குழல். ஆடம்பரப் பொருள் என்று அதற்குப் பெயர். இணையத்தில் அவர்கள் எழுதுவதைப் படிப்பது எனக்கு வெகுநாள் பழக்கம்.

நான் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நூலை எடைபோட்டு, இழுத்து, எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால், தை மாதத்தில் திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு வழியாக வடமதுரை வரை மண்பாதையிலேயே இரண்டு நாள் நடப்பதென்று நானும் கணவரும் முடிவு செய்ததும், முதல் வேலையாகப் பட்டியல் போட்டேன். தண்ணீர், மாற்றுத்துணி, டார்ச், மாத்திரை, அவல், கடலைமிட்டாய். ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கடைசி வரியில், ஆளுக்கொரு ஆடம்பரம் என்று எழுதினேன்.

கணவர் காப்பி ஃபில்டரைக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். பித்தளை.

"ஏங்க, எவர்சில்வர்ல ஒண்ணு இருக்குல்ல?"

"பித்தளையில எறங்குற டிகாஷனே வேற."

"ரெண்டு சட்டை வெயிட்டு இருக்கு இது."

"அப்ப ரெண்டு சட்டைய எடுத்து வெளிய போடு."

நான் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு சேலையை எடுத்தேன். சின்னாளப்பட்டிச் சுங்குடி. அம்மா பல வருடம் கட்டித் துவைத்தது. கல்யாணச் சீரோடு தனியாக ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தபோது, "இது கட்டுறதுக்கில்லடி, தூளிக்கு" என்றாள். புதுத்துணி பிள்ளையின் தோலை உறுத்தும். நைந்து மெத்தென்று ஆன சேலைதான் தூளிக்கு ஆகும். ஐந்து வருடமாக அது அந்தத் தட்டிலேயே இருந்தது. பிள்ளைக்காக ஊசியும் மாத்திரையுமாக நடந்த வைத்தியத்தை நாங்கள் தீபாவளியோடு நிறுத்தியிருந்தோம். இனி என்ன என்று முடிவு செய்யவில்லை. ஆனால் கல்யாண வீட்டில், பஸ்ஸில், மில் கேண்டீனில் என்று எங்கே போனாலும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்க ஒருவர் இருந்தார். அந்தக் கேள்வி இல்லாத இரண்டு நாள் எனக்கு வேண்டும். இந்த நடைக்கு வேறு காரணம் கிடையாது.

அவர் சேலையைப் பார்த்தார்.

"எம்புட்டு வெயிட்டு?" என்றார்.

"உங்க ஃபில்டர விடக் கம்மி."

பனி விலகாத காலையில் கிளம்பினோம். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் மலைக்கோட்டைப் பாறை, அடிப்பகுதி இல்லாமல், வெள்ளையில் மிதந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் கரைந்தது. முருங்கைத் தோட்டங்கள், சின்ன வெங்காயப் பாத்திகள், ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரின் சத்தம். குடகனாற்று மணலில் எங்கள் கால்தடம் இரண்டு வரிசையாக வந்தது. நான் முந்தியதும் அவர் முந்தியதும் அதில் தெரிந்தது. நடக்க நடக்க மனத்திலிருந்த பட்டியல்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. கடைசியில் மூச்சும் பைவாரின் கிறீச்சொலியும்தான் மீதி. இரவு, தெரிந்தவர் ஒருவரின் தோட்ட வீட்டில் தூங்கினோம்.

மறுநாள் உச்சிவேளையில், வெங்காயப் பாத்தி ஒன்றின் ஓரத்தில் தனியாக நின்ற ஒரு வேப்பமரத்தைக் கண்டோம். தாழ்ந்த கிளை ஒன்று வாகாக நீண்டிருந்தது. சேலையை இரண்டாக மடித்துக் கட்டினேன்.

"தாங்குமா?" என்றார்.

"சேலை தாங்கும். கிளைக்கு நான் சர்டிபிகேட் தர முடியாது."

உள்ளே ஏறிச் சுருண்டுகொண்டேன். துணி இரண்டு பக்கமும் மூடியது. வெயில் அதன் வழியாக வடிந்து, குங்கும நிறத்தில், புள்ளி புள்ளியாக என் கைமேல் விழுந்தது. எங்கோ ஆட்டுமணி கேட்டது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஓர் இடத்தில் வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தேன். சுள்ளி அடுப்பில் அவர் போட்ட காப்பியின் வாசனை வந்தபோதுதான் இறங்கினேன்.

டம்ளரை வாங்கித் திரும்பினால், ஆடு மேய்க்கும் அக்கா ஒருத்தி மரத்தடியில் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கலாம். தலையில் துண்டு, கையில் தழை ஒடிக்கும் தொரட்டி. காற்றில் ஆடிய வெறும் தூளியைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"வெறுந்தூளி ஆடப்படாது தாயி. கல்லு வைக்கலையா?"

எனக்குப் புரியவில்லை. அவள் கண் போன பக்கம் பார்த்தேன். மரத்தின் மறுபுறம் மஞ்சள் பூசிய ஒரு கல். அதற்கு மேலே கிளைகளில், மஞ்சள் துணியில் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கூழாங்கல். பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை. இத்தனை தூரம் நடந்து, இந்த மரத்தையா தேர்ந்தெடுத்தேன்!

"நேந்துக்கிட்டுக் கட்டலக்கா. நான் படுக்கத்தான் கட்டுனேன்."

"நீ படுக்கவா? இம்புட்டுப் பெரிய பொம்பள தூளியிலயா?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கேட்டாள்: "புள்ளைக எத்தன?"

கணவர் ஃபில்டரைக் கழுவுவதுபோல் குனிந்துகொண்டார்.

"இல்லக்கா."

"சரி."

எந்த டாக்டர், எந்தக் கோயில், யாருக்குக் குறை: அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஒன்றும் வரவில்லை. அவள் சேலையை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நாலு. ஒண்ணுகூட ஆட்டுப் பக்கம் வர மாட்டேங்குது" என்றாள். "மெத்துனு இருக்கே. நானும் செத்த நேரம் படுத்துப் பாக்கட்டா?"

"படுங்கக்கா."

"தம்பி, ஆட்டப் பாத்துக்கப்பு. வெங்காயத்துல எறங்கிரப் போகுது." தொரட்டியை அவர் கையில் திணித்துவிட்டு, முட்டியை மடக்கி உள்ளே போனாள். சேலை கொஞ்சம் நீண்டு, அப்படியே நின்றது. ஆடுகள் ஆள் மாறியதைத் தெரிந்துகொண்டு உடனே வெங்காயப் பாத்தியை நோக்கி நடந்தன. கணவர் ஓடினார்.

"என்ன தாயி, நின்னு போச்சு? ஆட்டு" என்றது துணிக்குள்ளிருந்து குரல்.

ஆட்டினேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, நினைத்ததைவிடச் சுலபமாக ஆடியது. வேப்பிலை நிழல் சேலைமேல் போய் வந்தது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து மெல்லிய குறட்டை வந்தது.

"மொத்தம் எத்தன ஆடுன்னு கேட்டியா?" கணவர் பாத்தி வரப்பிலிருந்து கத்தினார்.

"கேக்கலங்க."

"எழுப்பிக் கேளு!"

"தூங்குறாங்க" என்றேன், கையை எடுக்காமல்.