ஜெர்சி எழுந்திருக்காத மதியம்

மெஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த ஒரு வாசனை... என் நாய் ஜெர்சி மேல் எப்போதும் அதுதான் அடிக்கும். குளிப்பாட்டினாலும் போகாது.

இரண்டாயிரங்களின் நடுவில், டிப்ளமா முடித்த கையோடு வீரபாண்டியில் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். தங்கல் அங்கேயே, மாடி ரூமில். கேட் ஓரம் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து, பனியன் துணியின் பெயரையே வைத்தேன். கேட்டவர்கள் எல்லாம் "மாடுங்களா?" என்பார்கள்.

குட்டியிலிருந்தே அந்த இரைச்சலில் வளர்ந்தவள். மெஷின் ஓடினால்தான் தூக்கமே வரும். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் உடனே முழிப்பு. சோம்பல் முறித்துவிட்டு எங்களுக்கு முன்னால் வாசலில் நிற்பாள். கரண்ட் போனால் டீ, டீ என்றால் அவளுக்கு ஒரு வர்க்கி பிஸ்கட். அந்தக் கணக்கு அவளுக்கு அத்துப்படி.

அன்று மதியமும் கரண்ட் போனது. எல்லோரும் வெளியே வந்தோம்.

வாசலில் ஜெர்சி இல்லை.

உள்ளே, துணி ரோல் பக்கத்தில் அப்படியே படுத்திருந்தாள். ஆபரேட்டர் செல்வம் குனிந்து தொட்டுப் பார்த்தான்.

"அண்ணே... உசுரு இல்லண்ணே."

"லூசாட்டம் பேசாதடா. காத்தால எங்கூட ஓடியாந்தா."

கரண்ட் வந்தது. நான் எல்லா மெஷினையும் ஓடவிட்டேன். முழுச் சத்தமும் ஏறும்வரை நின்றேன்.

மெயின் ஸ்விட்சை இறக்கினேன்.

சத்தம் நின்றால் எழுந்துவிடுவாள் இல்லையா... மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

எழவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி இறக்கினேன்.

"யாருங்க அது, மெயின எறக்கி ஏத்தி வெளையாடறது? ஷிப்மென்ட் துணி ஓடுதுல்ல!" என்று கத்திக்கொண்டே முதலாளி வந்தார். என்னைப் பார்த்தார். கீழே ஜெர்சியைப் பார்த்தார்.

பக்கத்தில் வந்து நின்று, மெல்லத்தான் கேட்டார்.

"இன்னொருக்கா வேணும்னா போட்டுப் பாக்கறயா, கண்ணு?"

அப்போதுதான் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தேன்.

அவர் தோட்டத்திலேயே புதைத்தோம். அந்த ஷிஃப்ட் முழுக்க மெஷின்கள் நின்றன, அவரே நிறுத்தச் சொன்னார். பிறகு வெட்னரி டாக்டரிடம் போய், நல்லா இருந்த நாய் ஏன் செத்தது என்று கேட்டேன். "ஹார்ட்டா இருக்கலாம். சொல்ல முடியாதுங்க தம்பி" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. மெஷினில் ஒரு ஊசி உடைந்தால்கூட ஏன் உடைந்தது என்று நான் சொல்லிவிடுவேன்... இதற்கு ஒரு பதில் கிடையாதா?

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் கரண்ட் போவதே தெரியாது. ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும். மெஷின் நின்றால் என்ன காரணம் என்று ஸ்கிரீனே சொல்லிவிடும். நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை.

வீட்டில் மகள் நாய்க்குட்டி வேண்டும் என்கிறாள். அபார்ட்மென்ட்டில் விடமாட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

விடுவார்கள். கேட்டுவிட்டேன்.