அக்காவின் மிளகாய் விதையும் ஸ்பீக்கர் காந்தமும்

போன சிறுபோகப் பயிர்ப் பருவத்தில் கலேவெலயில் அக்காவின் மிளகாய்த் தோட்டம் முழுவதும் இலை சுருண்டு பாழாய்ப் போனது. ஒரே ஒரு செடி மட்டும் நோய் அண்டாமல் நின்று காய்த்தது. அதன் பழங்களை அக்கா பறித்து விதை எடுத்தாள். அந்தச் செடியையும் பிறகு யாரோ அவிழ்த்துவிட்ட மாடு மேய்ந்துவிட்டது. எடுத்த விதையில் பாதியை அவளே போட்டுப் பார்த்தாள், ஒன்றும் முளைக்கவில்லை. மீதியைக் கடதாசியில் மடித்துக்கொண்டு, மழையில் பஸ் ஏறி உக்குவளைக்கு என்னிடம் வந்துவிட்டாள். நான் வீட்டோடு காய்கறி நாற்று வளர்த்து விற்கிறவள்.

"இது போச்சுன்னா அந்தச் செடியே போச்சுடி. ஒன்ன நம்பித்தான் கொண்டாந்தேன்," என்றாள்.

அவள் போன பிறகு கடதாசியைப் பிரித்து விதையை இரண்டு தடவை எண்ணினேன். ஆளை நம்பி விதையைக் கொடுத்துவிட்டுப் போவது சுலபம், வாங்கி வைத்திருப்பவளுக்கல்லவா தூக்கம் போகிறது.

என் கணவருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. அவர் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்ப்பவர். கோயில் திருவிழாவுக்கும் மாதா கோயில் பெருநாளுக்கும் அலறுகிற பெட்டிகளெல்லாம் கடைசியில் எங்கள் முன்னறைக்குத்தான் வந்து சேரும். காந்தத்தின் மேல் வைத்த விதை சீக்கிரம் முளைக்கும், சோர்ந்த விதைகூட எழும்பிவிடும் என்று அவர் யூடியூபில் எங்கோ பார்த்திருக்கிறார்.

"எல்லாத்தையும் காந்தத்துல வைப்போம்," என்றார்.

"ஒங்க ஸ்பீக்கருக்கே இன்னும் சத்தம் வரல. அக்கா வெதயில கை வைக்காதீங்க."

"காந்தம் என்ன, கடிக்கவா போகுது?"

வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவானது. இரண்டு சிறு தட்டு, இரண்டிலும் ஈரத்துணி, துணிக்குள் விதை. என் தட்டைச் சமையலறை ஜன்னலோரம் வைத்தேன். அவர் எரிந்துபோன ஒரு ஸ்பீக்கரிலிருந்து வட்டக் காந்தத்தைக் கழற்றி, அதன்மேல் தன் தட்டைக் குடியேற்றினார்.

அதற்குப் பிறகு எனக்கு அடுப்பில் கவனமே இல்லை. பருப்பு அடிப்பிடித்தது. போகிற வருகிற நேரமெல்லாம் துணியைத் தூக்கிப் பார்த்தேன். விதை மூச்சு விடட்டும், சும்மா இரு என்று அவர் என்னை அதட்டினார். ஆனால் அவரும் தன் தட்டைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கிறார் என்று துணியின் மடிப்பே காட்டிக்கொடுத்தது.

ஒரு காலை அவருடைய தட்டில் ஒரு வெள்ளை முனை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். பக்கத்தில் இன்னொன்று, அதற்கப்பால் இரண்டு. இத்தனை நாள் கேலி பேசிய நான்தான் வாசலுக்கு ஓடிக் கத்தினேன். அவர் வாயில் பற்பசை நுரையோடு ஓடி வந்தார். நான் தோற்றுவிட்டேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

என் தட்டில் ஒன்றும் அசையவில்லை. அவர் பெரிய விஞ்ஞானி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காந்தத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தட்டைத் தூக்கினேன். அடிப்பக்கம் இளஞ்சூடாக இருந்தது. காந்தமும் சூடு. மேசையில் இடமில்லாததால் அவர் காந்தத்தை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்திருக்கிறார். பழுது சரியா என்று பார்க்க அதை நாள் முழுக்க ஓடவிட்டிருக்கிறார். வெளியே விடாத மழை, என் ஜன்னலோரமோ சில்லென்று கிடந்தது. குளிரில் மிளகாய் சோம்பும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

"இது காந்தமில்லங்க, ஒங்க ஆம்ப்ளிஃபயர் சூடு," என்றேன்.

"காந்தந்தான். சந்தேகம்னா நான் காந்தத்தோடயே தட்ட ஜன்னல்ல வைக்கிறேன், ஒன்னோடதும் அங்கயே இருக்கட்டும். ரெண்டும் ஒரே குளிர்ல இருந்தாத்தானே எதுன்னு தெரியும்?"

அவர் சொன்னது நியாயம். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் காந்தமா சூடா என்று அறிவதற்காக அக்காவின் விதையைக் குளிரில் கிடத்த மனம் வரவில்லை. என் தட்டைத் தூக்கிப் போய் ஆம்ப்ளிஃபயர் மேலேயே, காந்தத்தை ஒட்டி வைத்தேன்.

"பரிசோதனையே கெட்டுப்போச்சு," என்று அவர் தலையில் கை வைத்தார்.

"கெடட்டும். மொளச்சாப் போதும்."

முளைத்தது! எல்லாம் இல்லை, சில விதை அப்படியே ஊறிக் கிடந்தது. ஆனால் ஒரு தோட்டத்தைத் தொடங்கப் போதுமான அளவு முளைத்தது. காந்தமா சூடா என்ற வழக்கு மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. அவர் இப்போது பயறை வைத்துப் பார்க்கிறார். ஒரு தடவை காந்தம் முந்துகிறது, மறு தடவை இரண்டும் ஒன்றாகவே முளைக்கின்றன.

நாற்று வளர்ந்ததும் அக்கா வந்து வாங்கிப் போனாள். காந்தத்தில் வைத்தவற்றுக்கு அவர் ஒவ்வொன்றாகச் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தார். போகத்தின் நடுவில் ஒருநாள் அவள் போன் செய்தபோது, எனக்கு முந்தி அவர் பறித்து, சத்தமாகக் கேட்க ஸ்பீக்கரில் போட்டு, நூல் கட்டிய செடி எப்படி என்று கேட்டார்.

"நடுறப்பவே நூலெல்லாம் அவுத்துட்டேன் தம்பி. கழுத்த நெரிக்கிற மாதிரி இருந்திச்சு."

அவர் போனை என்னிடம் நீட்டினார். எனக்குக் கேட்கவே பயம். "எல எப்படிக்கா?" என்றேன்.

"ரெண்டு செடி சுருண்டிருச்சு. மத்ததெல்லாம் பூ விட்டிருக்குடி. பக்கத்துத் தோட்டக்காரங்க இப்பவே வெத கேட்டு வந்துட்டாங்க."