நான்கு வருஷம் எங்கள் பெயரில் எழுதிய சாகுல்

சாகுல் போய்விட்டான். இன்று காலை, பசுந்தாங் பேட்டையில் குடைக்கடைக்கு மேலே இருக்கும் வீட்டில். ஐந்து நாள் காய்ச்சல்தான்...

போன வாரம்கூட டிராமில் பார்த்தேன். ஒரு கட்டு குடைக்கம்பியைத் தூக்கிக்கொண்டு ஏறி, கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். அவனைத் தெரிந்தவர்கள் அடியில் எழுதுங்கள், இடம் விட்டிருக்கிறேன். பென்சில் நூலில் தொங்குகிறது.

உங்களில் பலருக்கு அவன் குடைக்கடை சாகுல். பக்கத்துக் கடை பர்மாக்காரர்களுக்குக் கோ சாகுல், சாகுல் அண்ணன். எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும்... சரி, சொல்லிவிடுகிறேன். காலேஜில் எங்கள் சரித்திர எஸ்ஸேக்களை எல்லாம் எழுதியவன் அவன். கூலிக்கு.

எங்களோடுதான் காலேஜில் சேர்ந்தான். மூன்றாம் மாதமே அவன் வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, கடையில் உட்கார வேண்டியதாகிவிட்டது.

முதல் தடவை நான் கேள்வியை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோனேன். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"கேள்விய மட்டும் கொண்டாந்தா நான் என்ன குறியா சொல்றேன்? லெக்சர் நோட்ஸ் எங்க? புரொபசர் படிக்கச் சொன்ன புஸ்தகம் எங்க? எல்லாத்தயும் கொண்டா மாப்ளே, அப்புறம் பேசுவோம்."

அன்றிலிருந்து நாங்கள் சுமைகூலிகள். லைப்ரரியில் எடுக்க முடிந்ததை எடுத்துக் கொடுப்போம். வெளியே விடாத புத்தகம் என்றால் நான்கு பேரும் அத்தியாயத்தைப் பங்கு போட்டு, கை வலிக்கப் பார்த்து எழுதி எடுத்துப் போவோம்.

மழையில் நனையாமலிருக்கக் குடைத்துணியை வெட்டி ஒவ்வொரு புத்தகத்துக்கும் உறை தைத்து வைத்திருந்தான். லைப்ரரிக்காரர் எங்களை மற்ற மாணவர்களுக்கு உதாரணம் காட்டினார்! எங்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

ஒருநாள் என் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான்.

"என்னடா, பாதி வாக்கியத்துல நிக்குது?"

"தூங்கிட்டேன்டா. மத்தியான லெக்சர்..."

அவனுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "நீ தூங்குனா எனக்குல்ல கிளாஸ் போகுது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் எங்களுக்காக எழுதவில்லை. கடையில் உட்கார்ந்தபடியே பி.ஏ. படித்துக்கொண்டிருக்கிறான்.

பி.ஏ. பரீட்சை முடிந்ததும் சரித்திரக் கேள்வித்தாள் இருக்கிறதா என்று கேட்டான். "காட்டாத. மடிச்சு உன்கிட்டயே வச்சிரு. நீங்கள்லாம் பாஸாகுங்க, அப்புறம் நான் எழுதுறேன்."

நாங்கள் பாஸானோம். மழைக்காலமும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, கடைக் கதவை உள்ளே தாழ் போட்டான். மடித்து வைத்திருந்த கேள்வித்தாளைக் கொடுத்தேன். நான்தான் சூப்பர்வைசர். மூன்று மணி நேரம்.

வெளியே மழை பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. குடை வேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் கதவைத் தட்டுகிறார்கள். வருஷத்திலேயே நல்ல வியாபாரம் ஆகியிருக்கும் நாள். திறக்கட்டுமா என்று கேட்டேன்.

"சூப்பர்வைசர் பேசக்கூடாது" என்றான், தலை நிமிராமல்.

எழுதி முடித்து என்னிடம் நீட்டினான். "புரொபசர்ட்ட குடுத்து மார்க் போட்டு வாங்கியா மாப்ளே. பாஸா ஃபெயிலான்னு தெரிஞ்சாப் போதும்."

நடையைப் பார்த்து, எங்கள் எஸ்ஸேக்கள் மேல் புரொபசருக்குச் சந்தேகம் வந்தால் என் பட்டம் போகும். புதிதாகக் கிடைத்த ஆபீஸ் வேலை போகும். அலோன் ஜெட்டியில் கப்பல் சுமை மேஸ்திரியாக இருக்கும் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

இரண்டு மாதம் அதை என் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் வைத்திருந்தேன். அவன் ஒரு தடவைகூட "குடுத்தியா" என்று கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் "புரொபசர் சௌக்கியமா?" என்பான். அவ்வளவுதான்.

அது தாங்காமல்தான் போனேன். "இதை எழுதியவர் என் சிநேகிதர் ஐயா, வீட்டிலிருந்தே படித்தவர்" என்று சொல்லிக் கொடுத்தேன். புரொபசர் இரண்டு பக்கம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இவரை எனக்குத் தெரியுமே. நாலு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்."

சிவப்புப் பென்சிலை எடுத்து, என்னை நிற்க வைத்தே முழுவதும் திருத்தினார். முதல் வகுப்பு மார்க்.

என்னுடையது மூன்றாம் வகுப்பு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஓட்டமாக ஓடிப்போய்க் கொடுத்தேன். சந்தோஷத்தில் கட்டிப்பிடிப்பான் என்று பார்த்தால், பக்கம் பக்கமாகப் புரட்டுகிறான். "நாலாவது கேள்விக்கு எதுக்குக் கொறச்சாரு?"

ஒரு புத்தகத்தின் பெயரை ஓரத்தில் எழுதியிருந்தார். அவர் படிக்கச் சொன்ன லிஸ்டில் இருந்த புத்தகம்தான். ரொம்பத் தடி. லைப்ரரியில் இல்லை என்று நான் புளுகியிருந்தேன்... ஒப்புக்கொண்டேன்.

"பாவி! உன்னால எனக்குப் போச்சு" என்று கையிலிருந்த குடையால் முதுகில் ஒன்று வைத்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், கடையே அதிர்ந்தது. எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து என்னவென்று கேட்டார். "நான் பாஸு" என்றான். எனக்கும் அவருக்கும் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா வாங்கிக் கொடுத்தான்.

இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுக்கிறார்கள். முடிந்தவர்கள் வாருங்கள்.

கடைக்குள் வந்தால், குடைகள் தொங்கும் கம்பிக்கு மேலே பாருங்கள். அந்த விடைத்தாளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். அவன் எழுதியதில் அவன் பெயர் இருப்பது அது ஒன்றில்தான்.

போய் வாடா மாப்ளே.