கசியாத சக்கரம்

குழாய்க்காரர் கை வைத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாது. அது ஊரறிந்த விஷயம். அவர் மூடிய டப்பாவை வேறு யாராலும் திறக்க முடியாது என்பது அந்த வீடு மட்டும் அறிந்த விஷயம். உப்பு டப்பாவை அவர் மூடிவிட்டு வேலைக்குப் போன நாட்களில் அவர் மனைவி பக்கத்து வீட்டில் உப்பு வாங்கிச் சமைத்திருக்கிறாள். மற்றபடி தங்கமான மனிதர்.

மனைவி சட்டை தைக்கும் கம்பெனிக்கு சைக்கிளில் போய்வருகிறவள். போன வாரம் பின்சக்கரம் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. அவளுடைய தம்பி சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அவனிடம் விட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் மைத்துனன் முன்னால் எதற்கும் போய் நிற்கக் கூடாதென்று கல்யாணமான நாளிலிருந்தே இவருக்கு ஒரு வீம்பு.

"ஊருக்கே பைப் மாட்டுறேன். ஒரு சக்கரத்தை மாட்ட மாட்டேனா?" என்று கேட்டுவிட்டு, புது அச்சு, அச்சின் இரண்டு பக்கமும் திருகி ஏற்றுகிற கோன், அது பிடித்து வைத்துக்கொள்ளும் இரும்புக் குண்டுகள் எல்லாவற்றையும் வேறொரு கடையில் வாங்கிவந்து மாற்றினார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கையில் பிடித்துச் சுற்றினால் சக்கரம் சமர்த்தாகச் சுற்றியது. சைக்கிளில் மாட்டி வெளி நட்டை இறுக்கியதும் முரண்டு பிடித்து நின்றது. கழற்றினார், துடைத்தார், கிரீஸை அள்ளி அப்பினார், குண்டு விற்றவனைத் திட்டினார். சக்கரம் அசைந்து கொடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மனைவி கம்பெனிக்கு நடந்துதான் போய்வந்தாள். சாயங்காலம் வீங்கிய காலை வெந்நீரில் வைத்து உட்காருவாள். ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு அவரும் நிம்மதியாக இருந்திருப்பார். அவள் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சொன்னாள்: "தம்பியை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன். வண்டியை எடுத்துட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான். குழாய்க்காரர் முன்னறையில் பழைய துணியை விரித்துச் சக்கரத்தை மறுபடியும் பிரித்துப் போட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"கையில வெச்சா சுத்துது. மாட்டினா நிக்குது. நடுவுல நீங்க என்ன பண்றீங்க?"

"என்ன பண்ணுவாங்க? நட்டை முறுக்குறேன்."

"அதுக்கு முன்னாடி?"

"கோனை முறுக்குறேன். கொஞ்சம்கூட ஆட்டம் இல்லாம. லூசா விட்டா கசியாதா?"

அவள் சக்கரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சைக்கிள்ல ஏதுங்க தண்ணி?"

அவருக்கு விஷயம் உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பழகிய கை கோனையும் குழாய் மாதிரி நெரித்து வைத்திருந்தது. அதற்குமேல் வெளி நட்டை இறுக்கும்போது கோன் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது. அந்தக் கொஞ்சத்துக்கு முதலிலேயே இடம் விட்டிருக்க வேண்டும்.

கோனைத் தளர்த்தினார். அச்சு லேசாக ஆடியது. பார்க்கச் சகிக்காமல் கை தானாக ஸ்பேனருக்குப் போனது.

"கையை எடுங்க."

"ஆடுதுடி."

"ஆடட்டும்."

ஊசி போட்டுக்கொள்கிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு சக்கரத்தை மாட்டினார். நட்டை இறுக்கினார். ஆட்டம் காணாமல் போயிருந்தது. ஒரு தள்ளு தள்ளியதும், இரண்டு பேரும் பார்த்து அலுக்கும்வரை சுற்றியது. அவள் தெருமுனைவரை ஓட்டிப்போய், ஆளே இல்லாத தெருவில் மணியடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். வந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"நீ வர வேண்டாம்டா. உங்க மாமாவே சரி பண்ணிட்டாரு."

இப்படி ஒரு வார்த்தை மைத்துனன் காதில் விழ வேண்டுமென்று எத்தனை வருஷமாகக் காத்திருந்தார்! ஆனால் கேட்டதும் இனிக்கவில்லை. இவள் வீங்கிய காலோடு நடந்ததுதான் ஞாபகம் வந்தது. எழுந்துபோய் போனை வாங்கினார்.

"மாப்ள, அவ சும்மா சொல்றா. வாரம் பூரா கெடுத்தது நான். கண்டுபிடிச்சது உங்க அக்கா."

மறுமுனையில் பலத்த சிரிப்பு. "அப்ப அக்காவைக் கடைக்கு அனுப்புங்க மாமா. இங்க ஆள் பத்தல."

"அவளை அனுப்பிட்டு நான் என்ன பண்றது?"

விளையாட்டாகச் சொல்ல நினைத்தது, வேறு மாதிரி வந்துவிட்டது. மறுமுனையில் சிரிப்பு நின்றது. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினார்.

"போனெல்லாம் கிரீஸ்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, தன் முந்தானையை எடுத்து முதலில் அவருடைய கையைத் துடைத்தாள்.