கேத்திலில் தெரிந்தது காரில் தெரியவில்லை

கண்டாவளையில் வாடகைக்குக் கார் ஓடுகிறேன். போன மாதம் ஒரு கலியாண ஓட்டம். அதற்கு முதல்நாள் வேறோர் ஓட்டம் முடித்துக் களைத்து வந்து, உச்சி வெயிலிலேயே கறுப்புக் காரைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, துடைக்காமல் படுத்துவிட்டேன். எழும்பிப் பார்த்தால் கார் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். எரிச்சலில், பானை தேய்க்கிற தேங்காய்நார்ப் பொச்சால் சாரதிப் பக்கக் கதவைத் தேய்த்தேன். புள்ளி போகவில்லை, கீறல்தான் விழுந்தது.

மனைவி ஓடிவந்தாள். "தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலுக்குள்ள படியிற வெள்ளையைப் பொச்சாலயே நான் தேய்க்கிறனான்? ஊறுகாய் வினாகிரி எல்லோ விடுறனான்!"

காரை நிழலில் விட்டு, தண்ணீர் கலந்த வினாகிரியைத் துணியால் ஒற்றி, உடனே கழுவினோம். புள்ளிகள் போய்விட்டன.

இப்போது எவ்வளவு களைத்தாலும் நிழலில் கழுவி, ஈரம் காயமுன் துடைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். கீறல் அப்படியேதான். தினமும் அந்தக் கதவைத் திறந்துதானே ஏறவேண்டியிருக்கிறது.