பட்டினி கிடந்த தீனி

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை, சரவணம்பட்டியில் என் வீட்டு மாடியிலிருந்த குஞ்சுத் தொட்டியை விற்க முடிவு செய்தேன். உப்புக் கரைத்த நீரில் நான் வளர்த்த கோமாளி மீன் ஜோடி தவறாமல் முட்டையிட்டது. குஞ்சுகள்தான் ஒவ்வொரு முறையும் உடலில் வெள்ளைப் பட்டை விழும் முன்பே செத்தன. கடைசியாகப் பொரித்தவை மட்டும் அந்தத் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தன.

வாங்க வந்தவர் பீளமேட்டில் கடல்மீன் வளர்க்கும் ஒரு பெண். குனிந்து குஞ்சுகளைப் பார்த்தார்.

"ஏனுங்க, தீனி என்ன போடறீங்க?"

"ரோட்டிஃபர்ங்க. தண்ணி கெடக்கூடாதுன்னு ஒரு பகல் பட்டினி போட்டு, நல்லா அலசித்தான் விடுவேன்."

ரோட்டிஃபர் என்பது தூசியைவிடச் சிறிய நீருயிர். குஞ்சுகள் அதை உயிரோடு பிடித்துத் தின்னும்.

அவர் சிரித்துவிட்டார். "காலி டிபன் பாக்ஸைப் பளபளன்னு வெளக்கிக் குடுத்துருக்கீங்க. அதோட வயித்துல இருக்கறதுதானுங்க குஞ்சுக்குச் சோறு."

தொட்டியை எடுக்காமலே போனவர், மாலையில் ஒரு பாட்டில் பச்சைப் பாசியும் மீனெண்ணெய்க் கலவையும் கொண்டுவந்தார்.

"மொதல்ல ரோட்டிஃபருக்கு இதக் குடுத்துப்போட்டு, அப்புறம் குஞ்சுக்கு உடுங்க. தொட்டி நான் வேற எடத்துல வாங்கிக்கறனுங்க."

அந்த முறை பெரும்பாலான குஞ்சுகளுக்குப் பட்டை விழுந்தது. அதன்பின் பொரித்த எந்த ஈடும் எனக்கு வீணாகவில்லை.

வாங்க வந்த தொட்டியை விட்டுவிட்டு அதற்குள் இருந்த உயிர்களைப் பார்த்தார் அவர். நானோ அத்தனை மாதமும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.