ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கீபோட்

தொண்டைமானாற்று மேடையில் ஜெனரேட்டர் ஒருதரம் விக்கியது. விளக்குகள் மங்கிப் பிறகு பளிச்சென்று எரிந்தன. அந்தப் பளிச்சில் நான் வாசிக்கிற கீபோட் எரிந்துபோய்விட்டது. திருத்துகிற இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோனேன். இரண்டிலும் மூடியைக் கழற்றி, மணந்து பார்த்துவிட்டு, "சரிவராது" என்றார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் மேலே கேட்பதில்லை. துணியால் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் இசைக்குழுவை நடத்துகிற அண்ணை மேடையில் ட்ரம் வாசிப்பார், மற்ற நாட்களில் தண்ணீர்ப் பம்பு திருத்துவார். நான் போய்ச் சொன்னபோது ஒரு பம்பின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு கேட்டார். கையை எடுக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை கொடிகாமத்திலை சாமத்திய வீடு. அதுக்கிடையிலை ஒண்டு எடு. இல்லாட்டி நெல்லியடிப் பெடியனைத்தான் கூப்பிடவேணும். அவன் சொந்தக் கீபோட்டோடை வாறவன்."

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். நெல்லியடிப் பெடியன் ஒருமுறை வந்தால் பிறகு போகமாட்டான். அவனுக்கு வயதும் குறைவு, விரலும் வேகம். எனக்கோ, கிழமை முழுவதும் தேங்காய்ச் சந்தையில் "இஞ்சை வா", "அங்கை நில்" என்று கேட்கிற காதுக்கு, மேடையில் மட்டும்தான் "மாஸ்டர்" என்று கேட்கும். அது போனால் எனக்கு வேறொன்றும் இல்லை.

காசு என் மனைவி சீட்டெடுத்துத் தந்தது. "உங்களுக்குப் பிடிச்சதைப் பாத்து எடுங்கோ" என்றாள். பிடித்ததை எடுக்க அந்தக் காசு காணாது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

என் வாசிப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்கு யாரும் படிப்பித்ததில்லை. வானொலியைக் கேட்டுக் கேட்டுப் பழகியதில் என் கை வெள்ளைக் கட்டைகளிலேயே நின்றுவிட்டது. எந்தப் பாட்டையும் ஒரே இடத்தில்தான் வாசிப்பேன். பாடுகிறவரின் சுருதிக்கு ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அமத்தினால், கை அங்கேயே இருக்க, சத்தம் மட்டும் ஏறும், இறங்கும். குழுவில் எல்லோருக்கும் இது தெரியும். "மாஸ்டர் வீடு மாறமாட்டார், வீட்டைத்தான் தூக்கி வைக்கவேணும்" என்பார் அண்ணை. ஆகவே ஒரு கீபோட்டைப் பார்த்தால் முதலில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் தேடும்.

அளவெட்டியில் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர் வீட்டில் கீபோட் விற்க இருப்பதாகக் கேள்விப்பட்டு முதலில் அங்கே போனேன். மகள் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்வரை வாசித்தது. மேலே வெள்ளைத் துணி, துணிக்கு மேலே வேதாகமம். இரண்டையும் அவர் பக்குவமாக எடுத்து வைத்தார். பியானோச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. தேவாலயத்து ஓர்கன் இருந்தது. புல்லாங்குழல் இல்லை, வீணை இல்லை. பாரமோ, இரண்டு பேர் பிடித்தால்தான் அசையும். எவ்வளவு குறைத்துத் தந்தாலும், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓட்டோ பிடித்து ஏற்றினால் எனக்குக் கிடைப்பது ஓட்டோக்காரருக்குத்தான் போகும். ரீச்சர் தேத்தண்ணி தந்து, "உங்களைப் பாத்தால் குடுக்கலாம் போலை கிடக்குது தம்பி" என்றார். அந்த வார்த்தைக்காகவே வாங்கியிருப்பேன். மோட்டார் சைக்கிளில் வெறுங்கையோடு திரும்பினேன்.

பிறகு யாழ்ப்பாணம் டவுணில் ஒரு கடை. அங்கே இரண்டு கீபோட் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெரியதில் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் முகத்திலேயே இருந்தது, தடவினாலே கைக்கு வரும். அதை நான் வாசித்துப் பார்க்கவில்லை. வாசித்தால் மற்றதில் கை வராது. சின்னது என் காசுக்குள் அடங்கியது. புல்லாங்குழல் நன்றாக இருந்தது, தூக்கினால் ஒரு பிள்ளையின் பாரம். ஆனால் ட்ரான்ஸ்போஸ் உள்ளே ஒளிந்திருந்தது. ஒரு பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்தி, சின்னத் திரையில் ஓடும் பெயர்களில் அதைப் பிடித்து, பிறகுதான் எண்ணை மாற்றலாம்.

கடைக்காரர் பெரியதைக் காட்டி, "உது மேடைக்கு. இது வீட்டிலை பழகிற ஆக்களுக்கு" என்றார். நான் சின்னதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிகழ்ச்சி தொடங்கமுன் ஒருதரம் வைத்துவிட்டால் போதும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு வழி இல்லாதவனுக்கு எல்லாம் போதும்தான். கட்டித் தரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொடிகாமத்தில் மண்டபம் எடுத்து, பெரியபிள்ளையான மகளுக்கு ஊரைக் கூட்டிச் செய்கிற கொண்டாட்டம். பாடுகிற பிள்ளையின் சுருதிக்குக் கீபோட்டை வைத்தேன். ஒத்திகை பார்த்தோம். பொருந்தியது. அண்ணை தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சாமத்திய வீட்டில் நேரத்துக்கு வருவது ஐயர் ஒருவர்தான். சாமத்தியப் பிள்ளைக்குச் சோடிக்கிற இடத்தில் இன்னும் முடியவில்லையாம். சோடா தந்தார்கள், குடித்தோம். ஊர்க்கதை கதைத்தோம். திரும்பிப் பார்த்தேன், கீபோட்டின் திரை இருண்டு கிடந்தது. யாரும் தொடாமல் விட்டால் தானே அணைந்துபோகிற வகையாம் அது. எனக்கு அது தெரியாது. கறண்ட் போய் வந்ததாக்கும் என்று பொத்தானை அமத்தினேன். வெளிச்சம் வந்தது. புல்லாங்குழல் சத்தத்தை எடுத்து வைத்தேன். அதற்குள் பிள்ளையின் கார் வாசலில் வந்து நின்றது, வீடியோக்காரர் தொடங்கச் சொல்லிக் கையை உயர்த்திவிட்டார்.

நான் தொடங்கினேன். பாடுகிற பிள்ளை தன் சுருதியில் பாட்டை எடுத்தாள். இரண்டும் ஒன்றையொன்று கடித்தன. அணைந்து எழும்பிய கீபோட் நான் வைத்த எண்ணை மறந்துவிட்டது. வேறொருவர் என்றால் அந்த இடத்திலேயே கறுப்புக் கட்டைகளுக்குக் கையை மாற்றிச் சமாளித்திருப்பார். என் கை கல்லாய் நின்றது. வாசிப்பை விட்டுவிட்டு அந்தப் பொத்தானை அமத்தினேன், அமத்தினேன். பெயர்கள் ஓடின. தேடியதைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பவும் முதலில் இருந்து. மேடையில் ட்ரம்மும் ஒரு குரலும் மட்டும், நடுவில் ஒரு பெரிய ஓட்டை. அண்ணை என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

காப்பாற்றியது கனடாவிலிருந்து வந்த ஒரு மாமா. கைபேசியைத் தூக்கிக்கொண்டு கமராவுக்கு நேரே வந்து நின்றுவிட்டார். வீடியோக்காரர் எல்லாவற்றையும் நிறுத்தினார்.

"மாமா, கொஞ்சம் விலத்துங்கோ. பிள்ளை, நீங்கள் திரும்பிக் காருக்கை போய் ஏறுங்கோ. முதலிலை இருந்து வருவம்."

எங்கள் ஊரில் வீடியோக்காரர் சொன்னால் ஐயரும் கேட்கவேண்டும். அத்தனை நகையோடும் அந்தப் பிள்ளை திரும்பி நடந்தது. அது காரில் ஏறுவதற்குள் எண் கைக்கு அகப்பட்டது. இரண்டாம் வரவில் ஒரு பிழையும் இல்லை. சபையில் ஒருவருக்கும் தெரியாது. வீடியோவிலும் இருக்காது.

அதன் பிறகு நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஆலாத்தி நடக்கும்போதும், சனம் பந்திக்குப் போனபோதும், சத்தத்தை முழுக்கக் குறைத்து ஒரு கட்டையை அமத்திக்கொண்டே இருந்தேன், அது திரும்ப அணையக்கூடாதென்று. அண்ணை சாப்பிட்டுக் கையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்கு அந்த நெல்லியடிப் பெடியனுக்குச் சொல்லப்போறன். உன்னைப் பிறகு பாப்பம்."

'பிறகு பாப்பம்' என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சந்தையில் நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"அவன் வரட்டும் அண்ணை. நான் ஓரத்திலை இருந்து புல்லாங்குழல் மட்டும் வாசிக்கிறன். பெரிய குறூப்புகளிலை இரண்டு கீபோட் இருக்குத்தானே."

"இரண்டு பேருக்குக் குடுக்க எனக்கு எங்காலை காசு?"

"எனக்குச் சாப்பாடு காணும்."

அவருக்கு முகம் ஒரு மாதிரிப் போனது. இவ்வளவு காலமும் என் பக்கத்தில் இருந்து வாசித்த மனிசன். பந்திப் பக்கம் பார்த்துக்கொண்டு, "சரி, வா" என்றார். சாப்பிடப் போகச் சொன்னார். தன் விரலை அந்தக் கட்டையில் வைத்துக்கொண்டு என்னை எழுப்பி அனுப்பினார்.

கை கழுவுகிற இடத்தில் மனைவி கைபேசியில் கூப்பிட்டாள். என்ன மாதிரிப் போச்சுது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கினம் என்றேன்.

"பாத்தீங்களே," என்றாள், "நல்ல சாமானாத்தான் எடுத்திருக்கிறீங்கள்."

ஓம் என்றேன்.